முனுசாமி ஐயா இழுத்துக் கட்டிய மணிக்கயிறு

ட்ரஸ்ட் அதிகாரி ஆய்வுக்கு வருகிறார், திருப்தி இல்லையென்றால் மையத்தை மூடிவிடுவார்கள் என்று போன் வந்தது. அன்றைக்கென்று பார்த்துத்தான் முனுசாமி ஐயா கயிற்றில் கை வைத்தார்.

ஆரணியில் நான் இன்சார்ஜாக இருந்த மையத்தில் ஒரே கூரைக்குக் கீழ் இரண்டு வேலை. முன் ஹாலில் முதியோருக்குப் பகல் பராமரிப்பு, பின் ஹாலில் பிள்ளைகளுக்கு டியூஷன். புதுமைத் திட்டம் என்று பெயர். பெரியவர்களுக்கு முடியாமல் போனால் இழுப்பதற்கு, முன் ஹாலிலிருந்து பின்கேட்டை ஒட்டிய பாத்ரூம் வரை கயிறு கட்டி மணி மாட்டியிருந்தோம். டியூஷன் முடிந்தாலும் அதே மணிதான். பட்ஜெட் அப்படி.

முனுசாமி ஐயா ஆயுசு முழுக்கப் பட்டுத்தறியில் உட்கார்ந்தவர். தொய்ந்த இழையைக் கண்டால் அவருக்குச் சோறு இறங்காது. "தொங்கிகினு கீதும்மா, பாக்கவே பேஜாரா இருக்குது" என்று கயிற்றைத் தறியில் பூட்டிய பாவு நூல் மாதிரி விறைப்பாக இழுத்துக் கட்டிவிட்டார். அப்புறம் துண்டு பட்டாலும் மணி, காக்கா உட்கார்ந்தாலும் மணி. அடிக்கும்போதெல்லாம் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு பின்கேட் வழியாக ஓட்டம். தெருவில் துரத்திப் பிடித்தே எனக்கு மூட்டு போனது.

"அவுத்து விடுங்க ஐயா!"

"அவுத்தா மறுபடியும் தொங்குமே."

அதிகாரி வந்த அன்றும் மணி அடித்தது. "கயிறுதான் சார், கண்டுக்காதீங்க" என்றேன். பெரியவர்கள் யாரும் தலைகூடத் தூக்கவில்லை. பிள்ளைகள் வழக்கம்போல் பறந்தார்கள். போச்சு, மூடப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பின்கேட் பக்கமிருந்து சத்தம். அதிகாரியும் நானும் போய்ப் பார்த்தால், தாழ்ப்பாள் சிக்கிக்கொண்ட பாத்ரூம் கதவை, ஓடும் வழியில் குரல் கேட்ட பிள்ளைகள் தள்ளித் திறந்திருந்தார்கள். உள்ளே எங்கள் பெரியவர்களில் ஒருவரான துளசி அம்மா, கயிற்றைப் பிடித்தபடி, வியர்த்து நனைந்து. நான் கண்டுக்காதீங்க என்று சொன்னது அவர் அடித்த மணியை.

அதிகாரி அசந்துபோனார். "இவ்ளோ ஜல்தியா ஓடி வந்தாங்களே! யார் ட்ரெய்னிங் குடுத்தது?" முன்னால் நின்ற பெண்ணைக் கேட்டார். "மணி அடிச்சா இன்னா பண்ணணும், கண்ணு?"

"வூட்டுக்குப் போவணும் சார்."

எனக்கு அந்த பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. அதிகாரி சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. பிள்ளைகளுக்குத் தனி மணி வாங்குங்கள், பின்கேட்டுக்குப் பதில் தெருப்பக்கம் தனி கேட் வையுங்கள், மையம் நடக்கட்டும் என்றார்.

துளசி அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மணி இன்னா வேணா வாங்கிக்கோங்க சார். கேட்டை மட்டும் மாத்தாதீங்க. எம் புள்ளைங்க எந்த வழியா போனாலும் என்னை எட்டிப் பாக்கறதில்ல. இதுங்க வூட்டுக்குப் போற வழியிலயாவது நான் இருந்துட்டுப் போறேன்."

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். மணி எத்தனை வேண்டுமானாலும் மாட்டுங்கள், பிள்ளைகள் போகிற வழி பெரியவர்களைத் தாண்டித்தான் இருக்க வேண்டும். எங்கள் பின்கேட் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது. புது மணிக்குக் கட்டிய கயிற்றையும் முனுசாமி ஐயா இழுத்துக் கட்டிவிட்டார்.