எங்கள் தலைவரும் கொலோன் சூரியனும்

நான் ஜேர்மனியின் கொலோனில் நகர பஸ் ஓட்டுகிறேன். ஐரோப்பாவுக்குப் பகுத்தறிவு வந்த கதையைப் படிக்க வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் ஆசை இருந்ததில்லை. மாலை வகுப்பில் தையல் படிக்கத்தான் போனேன். தையலுக்கு இடமில்லை என்றார்கள். என் வேலை நேரத்துக்குப் பொருந்தி, இடமும் மிச்சமிருந்தது ஒரே ஒரு வகுப்பில்: பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் அறிவியலும் அரசும். இடம் ஏன் மிச்சமிருந்தது என்பது முதல் நாளே விளங்கியது. மாணவர்கள் ஆறு பேர். அதில் இருவர் தூங்க வந்தவர்கள்.

ஆசிரியர் ஓய்வுபெற்ற ஜேர்மன்காரர். பெரியவர்கள் சொன்னார்கள் என்பதற்காக எதையும் நம்பாதீர்கள், நீங்களே அளந்து பாருங்கள் என்பார். அரசனைக் கடவுள் அனுப்பவில்லை, ஆளப்படுகிறவர்களின் சம்மதம்தான் ஆட்சிக்கு அடிப்படை என்பார். சட்டம் செய்பவரும் அதை நடத்துபவரும் தீர்ப்புச் சொல்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்பார். எல்லாவற்றையும் தானே முதல்நாள் குசினியில் சமைத்தபடி கண்டுபிடித்ததுபோல ஒரு பெருமிதம்.

மூன்றாம் வாரம் நான் கை உயர்த்தினேன். "இதையெல்லாம் நீங்கள் எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில் டச்சுக்காரரான ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தில் கோட்டை கட்டி இருந்தார்கள். எங்கள் காணிகளை அளந்து, ஆட்களைச் சாதிவாரியாகப் பிரித்துத் தோம்பு என்று பதிவேடு எழுதினார்கள். எங்களிடம் சம்மதம் கேட்டது யார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மிக நல்ல கேள்வி. ஆனால் அது இந்த வகுப்பில் இல்லை. வசந்தகாலத்தில் அதற்குத் தனி வகுப்பு இருக்கிறது." அந்த வகுப்பு ஆள் போதாமல் கடைசிவரை நடக்கவேயில்லை.

அவரோடு கோபம்தான். ஆனாலும் அவர் சொன்னவை மனதில் ஒட்டிக்கொண்டன. காரணம், எனக்கும் ஒரு அரசர் இருந்தார்: எங்கள் தமிழ்ச் சங்கத்தின் தலைவர். பதினெட்டு வருடமாக அவரேதான். கேள்வி கேட்டால் ஆபத்து என்ற நாட்டிலிருந்து என்னைப்போலவே தப்பி வந்தவர். இங்கே வந்து, தன்னிடம் யாரும் கேள்வி கேட்காத ஒரு சின்ன நாட்டைத் தானே அமைத்துக்கொண்டார். முறைப்பாட்டுக் குழுவுக்கும் அவர்தான் தலைவர். சங்கத்தின் சின்ன மண்டபத்தைப் பூட்டித் திறக்கிற திறப்பைப் பெண்கள் பிரிவுக்குத் தருவதில்லை என்று ஒருமுறை அவர்மீதே முறைப்பாடு எழுதிக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டார்.

"வடிவா விசாரிச்சுப் பாத்தன் தங்கச்சி. என்னிலை ஒரு பிழையுமில்லை."

வருடாந்தக் கூட்டம் எப்போதும் டிசம்பரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சங்க மண்டபம் போதாது என்று பள்ளிக்கூட மண்டபம் ஒன்றில் நடக்கும். மூன்று மணிக்கு என்று அறிவிப்பார்கள். சனம் மூன்றரைக்கு வரும். பிறகு தலைவர் ஒரு மணி நேரம் பேசுவார். பேசி முடித்துக் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். நாலரை. ஞாயிறு நாலரை முதல் ஆறு வரை ராகுகாலம், நல்ல காரியம் தொடங்க ஏலாது. ஆறு மணிக்கோ பள்ளிக்கூடக் காவலாளி வந்து கதவைப் பூட்டுவார். ஆகவே தேர்தலுக்கு நேரமில்லை, பழைய குழுவே தொடரும். பதினெட்டு வருடமும் இப்படித்தான். தெய்வ ஆணையால் ஆண்டவர்கள்கூட இவ்வளவு நுட்பமாக யோசித்திருப்பார்களா தெரியாது.

அந்த வருடம் நான் பஸ்ஸில் இருந்தபடியே அளந்தேன். காலை எட்டரைக்குச் சூரியன் எழும்பியது. பின்னேரம் நாலரைக்கு விழுந்தது. ராகுகாலம் என்பது பகலை எட்டாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு. ஞாயிற்றுக்கிழமைக்குக் கடைசிப் பங்கு. இது எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். கொலோனில் டிசம்பர்ப் பகல் எட்டு மணித்தியாலம். மிச்சக் கணக்கை ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோது முடித்துவிட்டேன்.

கூட்டத்தில் தலைவர் பேசி முடித்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்ததும் எழுந்தேன்.

"அண்ணை, ஒருக்கா யன்னலாலை பாருங்கோ."

"என்ன தங்கச்சி, இருட்டுத்தானே."

"ஓம். சூரியன் போயிட்டுது. நீங்கள் சொல்லுற ராகுகாலம் யாழ்ப்பாணத்துச் சூரியன்ரை. இஞ்சை மூண்டரையிலை இருந்து நாலரை வரைக்கும்தான். இப்ப முடிஞ்சுது."

மண்டபம் யோசித்தது. பின் வரிசையிலிருந்து ஒருவர் உரக்கக் கேட்டார்: "அப்ப அண்ணை பேசினது முழுக்க ராகுகாலத்திலையோ?"

அந்தச் சிரிப்பை நான் மறக்கமாட்டேன். தலைவர் முகம் சிவந்தது. "பஞ்சாங்கத்தை மாத்த நீங்கள் ஆர்? சூரியன் எங்கை நிண்டாலென்ன, ராகுகாலம் ராகுகாலம்தான்!" என்றார். அப்போது அவருடைய மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவர், தேநீர்த் தட்டோடு குசினிக் கதவில் நின்று சொன்னார்: "பேரை எழுதிப் போட்டு முடியுங்கோவன். தேத்தண்ணி ஆறுது."

தேர்தல் நடந்தது. எதிர்த்து நின்றது இங்கேயே வளர்ந்து ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற ஒரு பெண். கடதாசித் துண்டில் விரும்பிய பெயரை எழுதி மடித்து ஒரு பிஸ்கட் பெட்டிக்குள் போட்டோம். எண்ணினார்கள். தலைவர் எட்டு வாக்குகளால் வென்றார்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம், வகுப்பில் இந்தப் பகுதியை ஏன் சொல்லித் தரவில்லை என்று ஆசிரியரை மனதுக்குள் திட்டினேன். முன்பு தலைவர் வெறும் பழக்கத்தால் ஆண்டார். இப்போது மக்களின் சம்மதத்தால் ஆள்கிறார். அடுத்த வாரமே அறிவித்தல்களில் "மக்களால் தெரிவுசெய்யப்பட்ட" என்று தன் பெயருக்கு முன்னால் போடத் தொடங்கினார். சங்க மண்டபத் திறப்பு இன்னும் அவருடைய சட்டைப்பைக்குள்தான்.

ஜனவரியில் ஒரு காலை, அக்கா என் பஸ்ஸில் ஏறினார். வயோதிபர் இல்லமொன்றில் வேலைக்குப் போகிறவர். கடைசித் தரிப்பில் பஸ் பத்து நிமிடம் நிற்கும். எல்லோரும் இறங்கிய பிறகும் அவர் என் பக்கத்தில் நின்றார்.

"அண்ணை எப்பிடி?"

"ஆராய்ச்சி செய்யிறார். அண்டைக்குப் போட்ட துண்டுகளை எல்லாம் வீட்டை கொண்டு வந்திட்டார். சங்கத்திலை சேரேக்கை நீங்கள் எல்லாரும் நிரப்பின அன்ட்ராக் படிவம் இருக்கெல்லே, அதிலை இருக்கிற கையெழுத்தோடை ஒப்பிட்டுப் பாக்கிறார். பூதக்கண்ணாடியும் வாங்கினவர். ஆர் தனக்குப் போடேல்லை எண்டு அட்டவணை போட்டு வைச்சிருக்கிறார்."

இருநூறு வருடத்துக்கு மேல் கழித்து எங்களுக்குள்ளேயே ஒரு தோம்பு.

"கண்டுபிடிச்சிட்டாரோ?"

"உங்களைக் கண்டுபிடிச்சிட்டார். மற்ற ஆக்களையும் பிடிச்சிட்டார். தனக்குப் போடாத துண்டு ஒண்டு மட்டும் ஆற்றை எழுத்தெண்டு தெரியேல்லையாம். மூண்டு நாளா என்னட்டையே காட்டிக் காட்டிக் கேக்கிறார்."

"ஆற்றை அக்கா?"

அக்கா கைப்பையிலிருந்து கையுறையை எடுத்து நிதானமாகப் போட்டார்.

"என்ரைதான். என்ரை அன்ட்ராக்கை நிரப்பினதும் அவர்தானே. முப்பது வருசமாக் கடைக்குச் சாமான் எழுதிக் குடுக்கிறன், மனுசனுக்கு என்ரை எழுத்துத் தெரியேல்லை."

கோபமாகச் சொல்லவில்லை. காலநிலையைச் சொல்வதுபோலச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருடைய முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"சனிக்கிழமை பொங்கலுக்கு மண்டபத்துக்கு வாறீங்களோ?" என்று இறங்கும்போது கேட்டார். "வாங்கோ. வடை நான்தான் சுடுறன்."