ஏழாவது விளக்குக் கம்பத்துக் காற்று

உங்கள் கையிலிருந்து உறிஞ்சி எடுத்த ரத்தம் அந்தச் சின்னக் குப்பியில் அடைபட்ட பிறகு யார் முதுகில் ஏறிப் போகிறது என்று எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருப்பீர்கள்.

அது அவள் முதுகில் போகிறது. வயது நாற்பத்து நான்கு. பதினாறு வருடமாக இக்கரை மருத்துவமனைகளிலும் வீடுகளிலும் குப்பிகளை வாங்கி, அக்கரைப் பரிசோதனைக் கூடத்துக்கு சைக்கிளில் கொண்டுபோகிறாள். ஒரு நாளைக்கு ஆறு தடவை பாலத்தைக் கடக்க வேண்டும். குளிர்ப்பெட்டியின் வார் உரசி உரசி இரண்டு தோளும் காய்ப்பேறிவிட்டன. கூட வேலை செய்கிறவர்களுக்கு அவள் பெரியக்கா.

போன வருடம் நிறுவனம் எல்லா சைக்கிளுக்கும் புது வீல் மாட்டியது. பந்தயத்தில் ஓட்டுகிறார்களே, அந்த மாதிரி. ரிம் நான்கு விரல் ஆழம். வேகமாகப் போகலாம் என்றார்கள். வேகத்தைவிட அந்த அகலமான பக்கத்தில் நிறுவனத்தின் பெயர் பெரிய எழுத்தில் தெரியும் என்பதுதான் அவர்களுக்கு முக்கியம். காற்றில்லாத காலையில் அந்த வீல் பொய் சொல்லாது. வெண்ணெயில் கத்தி இறங்குவது போல வழுக்கிக்கொண்டு போகும். முதல் நாள் அவளுக்கே தன்னையறியாமல் சிரிப்பு வந்தது. பக்கவாட்டில் காற்றடிக்கும் வரைக்கும்தான் அந்தச் சிரிப்பு. காற்று பின் வீலைத் தள்ளினால் உடம்பின் எடை தாங்கிக்கொள்ளும். முன் வீலைத் தள்ளினால் ஹேண்டில்பாரே கையைவிட்டுத் திரும்பும். பழைய மெல்லிய ரிம்மில் கம்பிகளுக்கு நடுவே புகுந்து போன காற்றுக்கு இப்போது பிடித்துத் தள்ள ஒரு பலகை கிடைத்துவிட்டது.

பாலத்தின் ஏற்றத்தை ஒட்டி நீளமான கிடங்கு ஒன்று உண்டு. அதன் சுவர் ஏழாவது விளக்குக் கம்பத்தோடு முடிகிறது. ஒரு வருடத்தில் அந்த இடத்தில் ஒன்பது பேர் விழுந்துவிட்டார்கள். ராசியில்லாத இடம் என்று பேச்சு கிளம்பியது. அங்கே வந்ததும் கண்ணை இடுக்கிக்கொண்டு, ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்து, ஒரே மூச்சில் தாண்டிவிடப் பார்ப்பார்கள். விழுவதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது. இறுகிய கை காற்றின் உதையை அப்படியே வீலுக்குக் கொடுக்கும்.

அவள் அந்தக் கம்பத்தில் ஒரு சிவப்புத் துணிக் கிழிசலைக் கட்டினாள். கிடங்கின் மறைவில் கட்டிய இன்னொரு கிழிசல் செத்த எலி மாதிரித் தொங்க, இது மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது.

"பார்த்துக்கோ. பேய் பிசாசு எதுவுமில்ல. சுவர் முடியுது, காத்து அறையுது. வேகத்தைக் குறை, குனிஞ்சுக்கோ, விரலைத் தளர்த்து" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள்.

சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். அவளே இரண்டு தடவை விழுந்திருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை விழுந்தவள் 'பேக்கரி'. முன்பு ரொட்டிக் கடையில் வேலை பார்த்ததால் அந்தப் பெயர். நேரமாகிவிட்டதென்று மிதித்துக்கொண்டு போனாள். பெரியக்கா பத்தடி பின்னால் வந்தாள். சுவர் முடிந்த இடத்தில் அந்த முன் வீல் கதவு மாதிரித் திரும்பியதை அவள் கண்ணால் பார்த்தாள். பேக்கரியின் காறை எலும்பு முறிந்தது. குப்பி ஒன்றும் உடையவில்லை.

"குப்பி பத்திரம்தானே அக்கா?" என்றுதான் கீழே கிடந்தவள் முதலில் கேட்டாள்.

அன்று மாலை பெரியக்கா வீட்டுக்குப் போய்ச் செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரோரம் உட்கார்ந்தாள்.

நாத்தனார் எட்டிப் பார்த்தாள். "என்ன அண்ணி, இன்னைக்கும் காத்து தூக்கிட்டுப் போகலையா? நான் ஒரு தட்டைக் குறைச்சு வெச்சுட்டேனே."

"என்னை விட்டுட்டு பேக்கரியைத் தூக்கிடுச்சு."

நாத்தனார் உள்ளே போனாள். தட்டை எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மறுநாள் மேற்பார்வையாளர் ஒரு படிவத்தை மேசையில் தள்ளினார். விபத்துக்குக் காரணம் என்று அதில் இரண்டே கட்டங்கள்: ஓட்டுநரின் கவனக்குறைவு, இயற்கைச் சீற்றம். புயல் எச்சரிக்கை இருந்த நாளில் மட்டும்தான் இரண்டாவதில் குறி போடலாம். முதல் கட்டத்தில் மூன்று குறி விழுந்தால் வேலை போய்விடும். பேக்கரிக்கு இது மூன்றாவது. பெரியக்காவுக்கும் இரண்டு இருந்தது. இரண்டுக்கும் கீழே அவளே கையெழுத்துப் போட்டிருந்தாள், அன்றைக்குச் சண்டை போடத் தெம்பில்லாமல்.

"நீதானேம்மா பின்னாடி வந்தே? பார்த்தேன்னு ஒரு கையெழுத்துப் போடு" என்றார் அவர்.

"நான் பார்த்தது இதுல இல்லையே சார்."

"எதும்மா இல்ல?"

"வீல்."

"ஏம்மா, ஊர்ல எவ்வளவு பேர் ஓட்டுறாங்க இந்த வீலை?"

"ஓட்டுறாங்க. காத்தடிச்சா வீட்ல இருக்காங்க. இல்லேன்னா முன்னாடி மெல்லிசு ரிம் மாட்டிக்கிறாங்க. எங்களுக்கும் பழைய முன் வீலைக் குடுங்க, பின்னாடி உங்க பேரு இருந்துட்டுப் போகட்டும்."

"ஜோடியா இருந்தாதான் பார்க்க நல்லா இருக்கும்னு மேலிடத்துல சொல்றாங்க."

பார்க்க நல்லா இருக்குமாம். ஒருத்தியின் எலும்பு, இன்னொரு ஆளின் கண்ணுக்கு அழகு.

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. ஒரு மலைப்புத்தான் வந்தது. பேனாவை எடுத்தாள். இரண்டு கட்டங்களுக்கும் கீழே கோணலாக மூன்றாவது கட்டம் ஒன்றை வரைந்தாள். பக்கத்தில் 'முன் வீலின் ரிம்' என்று எழுதி, குறி போட்டு, கையெழுத்திட்டாள்.

மேற்பார்வையாளர் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கெட்டவர் இல்லை, அவரும் முன்பு சைக்கிள் ஓட்டியவர்தான். "இது நிக்காதும்மா. நீயும் அவளும் ஒரே வேலைக்காரங்க, பேசி வெச்சுக்கிட்டீங்கன்னுவாங்க. குப்பி கொடுக்கிறவங்க யாராவது எழுதிக் கொடுத்தா மேலிடம் காது கொடுக்கும். இதுவரைக்கும் ஒருத்தரும் எழுதினதில்ல. வர்ற வெள்ளிக்கிழமை முடிவு பண்ணிடுவாங்க."

அவள் பெட்டியை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். முதல் மருத்துவமனையில் வாய் வரைக்கும் வந்தது, கேட்கவில்லை. பதினாறு வருடம் யாரிடமும் எதுவும் கேட்டுப் பழகவில்லை. இரண்டாவது இடத்தில் ஒரு நர்ஸ், பதினோரு வருடமாக அவள் நீட்டிய ரசீதில் கையெழுத்துப் போட்டுத் தந்தவள்.

"சிஸ்டர், ஒரு நிமிஷம் வெளியே வந்து என் வீலைப் பார்க்கிறீங்களா?"

நர்ஸ் வந்தாள். குனிந்து ரிம்மில் உள்ளங்கையை வைத்தாள். கை முழுக்க அதற்குள் அடங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து தெருமுனையிலிருந்து காற்று ஒரு தள்ளுத் தள்ள, சாய்ந்து நின்ற சைக்கிளின் முன் வீல் தானாகத் திரும்பி அவள் முழங்காலில் இடித்தது.

"இதுலயா பாலத்து மேல வர்றீங்க?"

"தினம் ஆறு வாட்டி."

நர்ஸ் ரசீதின் அடியில், 'குறிப்பு' என்று எப்போதும் காலியாகக் கிடக்கும் கோட்டில், தான் பார்த்ததை ஒரு வரியில் எழுதினாள்.

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள். அவளிடம் ஒரே ஒரு வரி இருக்கிறது. ரசீதைக் காட்டியபோது, ஒன்று போதாது என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். மறுபடி பெட்டியை மாட்டிக்கொண்டு ஏற்றத்தில் மிதிக்கிறாள். தூரத்தில் சிவப்புக் கிழிசல் விறைத்து நிற்கிறது. அவள் குனிந்து விரல்களைத் தளர்த்துகிறாள்.

உங்கள் குப்பியை வாங்கிப் போக யாராவது வந்து நிற்கும்போது, ரசீதில் கிறுக்கிவிட்டுக் கதவைச் சாத்தாதீர்கள். வெளியே வாருங்கள். குனிந்து முன் வீலைப் பாருங்கள். ரிம்மில் உங்கள் கை அடங்கினால், அந்தக் காலிக் கோட்டில் பார்த்ததை எழுதிக் கொடுங்கள்.