அம்மா ஒதுங்கி உட்கார்ந்த மூன்று நாள்

திருமலைக்குப் போகும்போது மாத்திரை போட்டு மாதவிலக்கைத் தள்ளிவைப்பது எங்கள் பக்கத்துப் பெண்களுக்குச் சாதாரணம். நாத்தனார் மகனுக்கு மொட்டை போடப் போனபோது நானும் போட்டேன். மாத்திரையை நிறுத்தினால் நாலைந்து நாளில் வந்துவிடும். அந்த முறை வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை.

எனக்கு முப்பத்திரண்டு வயது. கல்யாணமாகி மூன்று வருடம், குழந்தைக்காகக் காத்திருந்தோம். கர்ப்பமா என்று வீட்டிலேயே இரண்டு முறை சோதித்தேன். இரண்டு முறையும் ஒற்றைக் கோடுதான். மார்கழிக் காலையில் திருச்சானூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் வேலைக்குப் போகிறேன், கழுத்திலிருந்து வியர்த்துக் கொட்டுகிறது. பக்கத்திலிருந்த பெண் சால்வை போர்த்தியிருந்தாள். அன்றுதான் பயம் பிடித்தது.

திருப்பதி மருத்துவர் ஏ.எம்.எச். (சினைப்பையில் முட்டைகள் எவ்வளவு மீதி என்று காட்டும் இரத்தப் பரிசோதனை) எழுதினார். சினைப்பையில் அறுவை சிகிச்சை நடந்ததா? புற்றுநோய் மருந்து, கதிர்வீச்சு? தைராய்டு? புகைப்பழக்கம்? எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன்.

"மீ அம்மகாரிக்கி எப்புடு ஆகிபோயிந்தி?" என்றார். அம்மாவுக்கு எப்போது நின்றது என்று.

"ஐம்பது இருக்கும் மேடம்." தயங்கவே இல்லை. என் கல்யாணம்வரை அம்மா மாதம் மூன்று நாள் தனித்தட்டோடு ஒதுங்கி உட்கார்ந்ததைப் பார்த்தவள் நான்.

முடிவு வந்தது. முட்டைகள் மிகக் குறைவு. நகரிக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்த கை நின்றது.

"ஐம்பதுன்னா சொன்ன? எனக்கு முப்பத்திநாலுலயே நின்னுபோச்சிமா. நீ எட்டாவது படிச்சிக்கினு இருந்த."

"அப்ப தூரம்னு ஒக்காந்துக்கினு இருந்தியே?"

"சும்மா ஒக்காந்தேன். தெரிஞ்சா, ஆம்பளப் புள்ள வேணும்னு உங்க நைனாவுக்கு வேற பொண்ணு பாத்திருப்பா என் மாமியா. அப்பறம் பழகிப்போச்சி. மூணு நாளு அடுப்பாண்ட போவாம இருக்கலாமே."

எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது. பதினைந்து வருடம் நடித்திருக்கிறாள்.

திரும்பிப் போய் அம்மா சொன்னதைச் சொன்னேன். திருமலை மாத்திரை காரணமில்லை என்றார் மருத்துவர். அம்மாவுக்குச் சீக்கிரம் நின்றிருந்தால் மகளுக்கும் நேரலாமாம். முன்பே தெரிந்திருந்தால் முட்டைகளைச் சேமித்திருக்கலாமாம். இனி என் முட்டையில் குழந்தை அரிது, ஆனால் முடியவே முடியாது என்று சொல்லமாட்டேன் என்றார். எலும்புக்கும் இதயத்துக்கும் ஹார்மோன் மாத்திரை கொடுத்தார். இருபத்தாறு வயதுத் தங்கையை உடனே அழைத்துவரச் சொன்னார். அவளுக்கு இப்போதைக்குக் குறையில்லை. வருடாவருடம் பார்க்க வேண்டும். இதைப் படிக்கிறவர்கள் எந்த வயதில் நின்றது என்று இன்றைக்கே அம்மாவிடம் கேளுங்கள். விடாமல் கேளுங்கள்.

ஹார்மோன் மாத்திரையால் இப்போது தேதி தவறாமல் வருகிறது. மாதக்கணக்கில் வராதது மட்டும் தெரிந்த மாமியார் முதல் மாதம் கேட்டார்: "வந்துச்சாமா?"

"வந்துச்சி அத்த."

இனிக் குழந்தை நிற்கும் என்று அவர் முகம் மலர்ந்தது. அந்த இரத்தம் மாத்திரையுடையது, என்னுடையது இல்லை. அம்மாவைப் போலவே நானும் ஒதுங்கி உட்கார்ந்திருந்தேன். முதல் நாள் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை.

மூன்றாம் நாள் எழுந்து அடுப்படிக்குப் போய், "அத்த, ஒரு விஷயம் சொல்லணும்" என்றேன்.