விசில் படைத் தலைவி

வெளிக்குப் போகிறவர்களைப் பார்த்து விசில் ஊதும் வேலை, ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது எனக்குக் கிடைத்தது. சம்பளம் கிடையாது. ஒரு மஞ்சள் தொப்பி, சிவப்புக் கயிறு கட்டிய பிளாஸ்டிக் விசில், தலைவிக்கு மட்டும் கூடுதலாக ஒரு டார்ச் லைட். தலைவி நான்தான். இதை எழுதும்போது இப்போதும் எனக்குக் காது சூடாகிறது. வெட்கம் கொஞ்சம், கோபம் ஜாஸ்தி. கோபத்தை மறைத்துக்கொண்டு எழுத எனக்கு வராது.

வேலையைக் கொடுத்தது ஆஸ்பத்திரி. கள்ளக்குறிச்சியிலிருந்து மலைக்குப் போகிற வழியில், அடிவாரத்தில், ஓட்டுக் கூரை போட்ட சின்ன ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. யாரோ ஒரு டிரஸ்டுக்காரர்கள் நடத்தினார்கள். நாங்கள் ஓட்டாஸ்பத்திரி என்போம். கல்வராயன் மலையிலிருந்து ஜீப்பில் தொங்கிக்கொண்டு இறங்கி வருகிறவர்களுக்கும், கீழே கரும்பு வெட்டியும் மரவள்ளிக்குக் களையெடுத்தும் பிழைக்கிற எங்களுக்கும் அதுதான் கதி. நான் பிறந்தது அங்கேதான். கரும்புத் தோட்டத்தில் அப்பாவைக் கண்ணாடி விரியன் கடித்தபோது அவரை உயிரோடு வீட்டுக்குத் திருப்பி அனுப்பியதும் அந்த ஆஸ்பத்திரிதான். நல்லவர்கள் நடத்திய நல்ல ஆஸ்பத்திரி. கெட்டவர்களாக இருந்திருந்தால் ஒரு மூச்சு திட்டித் தீர்த்துவிட்டு எப்போதோ மறந்திருப்பேன்.

டாக்டரும் நர்சுகளும் போக, ஊர் ஊராகப் போய்ப் பேசுவதற்கென்றே அங்கே ஒருவர் வேலை பார்த்தார். விழிப்புணர்வு சார் என்று கூப்பிடுவோம். சின்னசேலத்திலிருந்து மொபெட்டில் வருவார். பின் சீட்டில் காகிதப் படச் சுருள்கள் கட்டியிருக்கும். கொசுவுக்கு ஒரு படம், ஒரு பாட்டு. குடற்புழுவுக்கு ஒரு படம், ஒரு பாட்டு. நாங்கள் அந்தப் பாட்டுகளை நொண்டி விளையாடும்போதுகூடப் பாடுவோம். அவர் ஒரு நாள் எங்கேயோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்து, பள்ளிக்கூடத்தில் எங்களை வரிசையாக நிற்கவைத்தார். பெரியவர்களுக்கு எடுத்துச் சொல்லிப் பயனில்லை, வெட்கம் வந்தால்தான் திருந்துவார்கள், அந்த வெட்கத்தை வரவைக்கப் பிள்ளைகளால்தான் முடியும் என்றார். பத்துப் பேரைப் பொறுக்கினார். சத்தமாகப் பாடம் வாசிக்கிற பெண் என்று டீச்சர் கைகாட்டியதால் நான் தலைவியானேன்.

விதி ரொம்பச் சுலபம். காலையில் வெளுக்கும் முன்பும் சாயங்காலம் இருட்டும்போதும் ஏரிக்கரையில் சுற்ற வேண்டும். யாராவது உட்கார்ந்திருந்தால் மூன்று முறை ஊத வேண்டும். சொந்தக்காரர், தெரிந்தவர் என்று பார்க்கக் கூடாது.

முதல் வாரம் எங்களுக்குத் திருவிழாதான். லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுகிற பெரிய மனிதர்களைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தோம். இரண்டாவது வாரம் ஆண்கள் சுதாரித்துக்கொண்டார்கள். ஒருவர் கல்லெடுத்து வீசினார். இன்னொருவர் எங்கள் படையில் இருந்த பையனின் வீட்டுக்கே போய் அவன் அப்பாவின் சட்டையைப் பிடித்தார். அதற்குப் பிறகு ஆண்களைக் கண்டால் விசிலை வாயிலிருந்து எடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொள்வோம். அவர்களும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வாய்க்கால் பக்கம், ரோட்டுப் பக்கம் என்று எங்கேயோ போய்ப் பகலிலேயே வேலையை முடித்துக்கொண்டார்கள். கல்லெறியாதவர்கள், சட்டையைப் பிடிக்காதவர்கள், சைக்கிள் இல்லாதவர்கள் மிச்சம். எங்கள் தெருப் பெண்கள்.

எங்கள் தெரு ஏரிப் புறம்போக்கில் இருந்தது. ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள், அவ்வளவு நெருக்கம். கக்கூஸ் கட்ட ஒரு முழம் இடம் கிடையாது. தெருவைத் தாண்டினால் அடுத்தவர் நிலம். ஏரிக்கரையில் வேலிகாத்தான் முள்ளுக்கு நடுவே ஒரு மறைவு இருந்தது. பெண்கள் விடிவதற்கு முன்னாலும் பொழுது போன பின்னாலும் நாலைந்து பேராகச் சேர்ந்து அங்கே போய்வருவார்கள். இந்தப் பெண்களுக்குத்தான் வெட்கம் வரவைக்க வேண்டும் என்று என்னை அனுப்பினார்கள். வெட்கம் இல்லாமலா இருட்டுக்காக நாளெல்லாம் காத்திருந்தார்கள்?

தெருவில் ஒரு கூட்டம் போட்டார் சார். அம்மா எழுந்து கேட்டாள்.

"கட்டுறோம் சார். எங்க கட்டுறதுங்க? எடம் இன்னா எங்க தலை மேலயா இருக்குது?"

சார் சிரித்த முகமாகவே பதில் சொன்னார். "அது பஞ்சாயத்து பார்க்க வேண்டிய விஷயம்மா. நாங்க விழிப்புணர்வு மட்டுந்தான்."

கூட்டம் கைதட்டலோடு முடிந்தது. தட்டியது நாங்கள் பத்துப் பேரும்தான்.

சின்னம்மாவைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். சித்தப்பாவின் மனைவி. எங்கள் வீட்டுச் சுவரும் அவள் வீட்டுச் சுவரும் ஒன்றுதான். சித்தப்பா பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருந்தார். கல்யாணமாகி ஐந்து வருஷம் கழித்து அப்போதுதான் அவள் வயிற்றில் பிள்ளை தங்கியிருந்தது. ஏழாம் மாதம். அந்த வயிற்றோடும் களையெடுக்கப் போனாள். மாதமானவளுக்கு அடிக்கடி ஒன்றுக்குப் போகவேண்டி வரும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. அவள் தினமும் எனக்குத் தலை பின்னி விடுவாள், என்னைப் பாப்பா என்பாள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஒரு சாயங்காலம், இன்னும் முழுக்க இருட்டவில்லை. வேலிகாத்தான் மறைவில் அசைவு தெரிந்தது. நான் டார்ச்சை அடித்தேன். வெளிச்சம் நேரே முகத்தில் விழுந்தது. சின்னம்மா. வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க முயன்றாள். முடியாமல் ஒரு கையைத் தரையில் ஊன்றினாள்.

"பாப்பா, நாந்தான். வெளக்க அணச்சிடு பாப்பா."

நான் அணைக்கவில்லை. சொந்தக்காரர் என்று பார்க்கக் கூடாது என்பது விதி. மூன்று முறை ஊதினேன். பின்னால் இருந்த ஒன்பது பேரும் சேர்ந்து ஊதினார்கள்.

மறுநாள் காலைப் பிரார்த்தனையில் சார் என்னை முன்னால் கூப்பிட்டு, சொந்தச் சின்னம்மா என்றும் பார்க்காதவள் என்று சொல்லி ஒரு பேனா கொடுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். வீட்டுக்குப் போனதும் அம்மா முதுகில் நாலு வைத்தாள். சின்னம்மாதான் குறுக்கே வந்து தடுத்தாள். "வுடுக்கா, கொயந்த. அதுக்கு இன்னா தெரியும்." எனக்கு எல்லாம் தெரியும் என்று கத்திவிட்டு, பேனாவை இறுகப் பிடித்தபடி மூலையில் உட்கார்ந்து அழுதேன்.

அதற்குப் பிறகு சின்னம்மா என்னிடம் முன்னைவிட அன்பாக இருந்தாள். அப்படித்தான் நான் நினைத்தேன். சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் அம்மா கடையிலிருந்து தூக்கில் டீ வாங்கி ஆளுக்கொரு டம்ளர் ஊற்றுவாள். சின்னம்மா தன்னுடையதை அப்படியே என் பக்கம் நகர்த்துவாள். "நீ குடி பாப்பா. தலைவி இல்ல?" மத்தியானக் கூழில் பாதியும் எனக்கு வரும். வெயிலில் வேலை செய்துவிட்டு வந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கிறாயே என்று அம்மா கேட்டால், குடித்தால் குமட்டுகிறது அக்கா என்பாள். எனக்கு ஒரு கவலையும் இல்லை. இரண்டு டம்ளர் டீயையும் குடித்துவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போவேன். அங்கேயும் இப்போது ஆளே இருக்காது. ஊர் திருந்திவிட்டது என்று சாரிடம் சொன்னேன். அவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

மூன்று வாரம் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை, மரவள்ளிக் கொல்லையில் சின்னம்மாவுக்குக் குளிர் காய்ச்சல் கண்டது. பல் கிட்டிக்கொண்டது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். அம்மா ஷேர் ஆட்டோ பிடித்தாள். நானும் ஏறிக்கொண்டேன், தொப்பியோடும் விசிலோடும். ஆஸ்பத்திரியில் எனக்கு மரியாதை உண்டு என்று எனக்கு நினைப்பு.

மரியாதை இருக்கத்தான் செய்தது. உள்ளே நுழைந்ததும் சுவரில் நாங்கள் பத்துப் பேரும் தொப்பி போட்டு நிற்கிற போட்டோ பெரிதாக மாட்டியிருந்தது. நடுவில் நான். அதற்குப் பக்கத்தில், தினமும் எட்டு டம்ளர் தண்ணீர் குடிக்கச் சொல்லும் படம்.

நர்சம்மா சின்னம்மாவைக் கட்டிலில் படுக்கவைத்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஒண்ணுக்குப் போறப்ப எரியுதா? எத்தினி நாளா?"

"பத்து நாளா இருக்குதுங்க."

"தண்ணி எவ்ளோம்மா குடிக்கிற ஒரு நாளைக்கு?"

சின்னம்மா மேலே கூரை ஓட்டைப் பார்த்தாள். "ரெண்டு டம்ளருங்க."

நர்சம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "வவுத்துல புள்ளைய வெச்சிக்கினு ரெண்டு டம்ளரா? ஊர் ஊரா வந்து படிச்சிப் படிச்சி சொல்றோமே, யாருக்கு சொல்றோம்? இப்ப கிருமி உள்ள ஏறி, வலி வந்துடுச்சி. ஏழு மாசம்தான் ஆவுது, தெரியுமா?" அப்போதுதான் என்னைக் கவனித்தாள். கோபம் இறங்கி முகம் மலர்ந்தது. "நீ போட்டோல இருக்கற பொண்ணு இல்ல? கெட்டிக்காரி. நீயே சொல்லு உன் சின்னம்மாவுக்கு."

நான் சொன்னேன். கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற குரலில், நாள் ஒன்றுக்கு எட்டு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும், கர்ப்பிணிகள் அதற்கும் மேலே குடிக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை தவறாமல் சொன்னேன். சாரின் பாட்டில் இரண்டு வரியும் பாடினேன்.

சின்னம்மா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கழுத்தில் தொங்கிய விசிலைப் பார்த்தாள்.

"சரி பாப்பா. குடிக்கிறேன்."

அம்மாவுக்கு அந்த நிமிஷம்தான் எல்லாம் விளங்கியிருக்க வேண்டும். என் கழுத்திலிருந்த கயிற்றைப் பிடித்து இழுத்தாள். கயிறு அறுந்து கழுத்துத் தோல் எரிந்தது. விசிலை நர்சம்மாவின் மேஜைமேல் எறிந்தாள்.

"இத்த எடுத்துக்கினு போய் உங்க சார்கிட்ட குடுங்க. குடிச்சா அவ எங்கங்க போவா? போற எடத்துல எம் பொண்ணயே நிக்க வெச்சீங்களே, வெளக்கு வேற குடுத்து!"

நர்சம்மா விசிலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஊசி மருந்தை எடுக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டாள். எனக்கு விசில் போனதுதான் பெரிய துக்கம்.

வார்டுக்குப் பக்கத்திலேயே கக்கூஸ் இருந்தது. சாயங்காலம் சின்னம்மாவை அம்மா கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனாள். திரும்பி வந்து படுத்தவள் என்னைக் கூப்பிட்டுக் காதில் சொன்னாள். "உள்பக்கம் தாப்பா இருக்குது பாப்பா." பிறகு தண்ணீர் கேட்டாள். சொம்பை அண்ணாந்து குடித்தாள், இன்னும் கேட்டாள். அவ்வளவு தண்ணீர் ஒரே மூச்சில் ஒருவர் குடித்து நான் பார்த்ததில்லை. நான் ஒப்பித்த பாட்டுத்தான் வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

மறுநாள் விடியும்போது குழந்தை பிறந்தது. பையன். துணியில் சுற்றி வைத்திருந்தார்கள், முகம் என் உள்ளங்கை அளவுகூட இல்லை. மத்தியானம் வரைக்கும் மூச்சு விட்டான். சித்தப்பா பெங்களூரிலிருந்து பஸ் ஏறி வந்துசேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

ஒரு மாதம் கழித்து சார் புதுப் படச் சுருளோடு வந்தார். கர்ப்பிணிகள் ஏன் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று படம், அதற்கு ஒரு புதுப் பாட்டு. எனக்குப் புது விசிலும் கொண்டுவந்திருந்தார். வாங்கிக்கொண்டேன். இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம்தான். சொல்லாவிட்டால் அவர்மேல் மட்டும் கோபப்பட்ட பாவம் வரும். அந்த வருஷக் கடைசியில் ஊர் எல்லையில் பெரிய தகரப் போர்டு நட்டார்கள். எங்கள் ஊரில் யாரும் வெளிக்குப் போவதில்லை என்று அதில் எழுதியிருந்தது. போர்டு நல்ல அகலம். எங்கள் தெருப் பெண்கள் அதற்குப் பின்னால் ஒதுங்க ஆரம்பித்தார்கள்.

நான் சின்னம்மாவோடு பேசாமல் இருந்தது போர்டு நட்ட அந்த நாட்களில்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, உடம்பு தேறி, மறுபடியும் வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தாள். சாயங்காலம் அம்மா டீ ஊற்றினாள். என்னுடையதைக் குடித்துவிட்டு, வழக்கம்போல் அவள் டம்ளருக்காகக் கை நீட்டினேன். அவள் நகர்த்தவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, அடிவரைக்கும் குடித்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"எனக்கு?" என்றேன்.

"எனக்கு வோணும் பாப்பா."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனேன். சின்னம்மாவுக்கு முன்பு என்மேல் இருந்த பிரியம் போய்விட்டது என்று அம்மாவிடம் அழுதேன். பத்து நாள் அவளிடம் தலை பின்னிக்கொள்ளப் போகவில்லை.