மஸ்கட் மாடிக்குத் தமிழ் கொண்டுவந்த ஆறுமுகம்

ஆறுமுகம் இறந்துவிட்டான் என்று போனில் செய்தி வந்தபோது நான் நம்பவில்லை. கேட்ட மாத்திரத்தில் எதையும் நம்புகிறவன் நானில்லை என்பது சேரன்மகாதேவி முழுக்கத் தெரியும். ஒரு போட்டோவுக்கு மாலை போட்டு அனுப்பிவிட்டால் ஆள் செத்துவிடுவானா? யாரோ விளையாடுகிறார்கள் என்று மஸ்கட்டிலிருந்து அவன் நம்பருக்கே போட்டேன். எடுத்தது அவன் மனைவி. "நெசந்தான் அண்ணாச்சி. காலைல காப்பியக் குடிச்சிட்டு உக்காந்தவங்க, அப்படியே சாஞ்சிட்டாங்க" என்றாள். அதன் பிறகும் சற்று நேரம் நான் நம்பாமல்தான் இருந்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டி.வி. பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவன். என்னைவிடப் பத்து வயது இளையவன். அதனால்தான் அவன் என்று எழுதுகிறேன், அவனைத் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை நான் சுவரளவு டி.வி. ஒன்று வாங்கி, அவனுக்குக் காட்டவென்றே வண்டியைக் கடை முன்னால் நிறுத்தினேன். (சுவரளவு என்றால் சுவரில் பாதி.) திரையை அவன் ஏறிட்டும் பார்க்கவில்லை. அட்டையைப் பிரித்துப் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்த்தான். "முன்பக்கம் விக்கிறவனுக்கு, பின்பக்கம் வாங்குறவனுக்கு அண்ணாச்சி" என்றான். என் டி.வி.யின்மேல் பொறாமை என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

மகள் அழைத்தாளென்று நானும் என் வீட்டுக்காரி செல்லம்மாளும் மஸ்கட் போனோம். நான் போன பத்தாம் நாளே அந்தத் தெருவில் என்னைத் தெரியாத ஆள் கிடையாது. செல்லம்மாள்தான் வாடிப்போனாள். மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் பேச்சுச் சத்தமே இருக்காது. புரை எடுத்த கண்ணுக்குப் போனில் படம் பார்க்க முடியாது. ஒருநாள் சோறு வைக்கும்போது பைய சொன்னாள்: "தமிழ்ச் சத்தம் கேக்காத வீட்ல என்னால இருக்க முடியாது. நீங்க இரிங்க. நான் ஊருக்குப் போறேன்."

நாற்பது வருஷத்தில் என்னை விட்டுப் போவேன் என்று அவள் சொன்னதில்லை. ஒரு வாரத்துக்குள் தமிழைக் கொண்டுவந்து இறக்குகிறேன் என்று எல்லார் முன்னாலும் சபதம் போட்டேன். மொட்டை மாடியில் முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன டிஷ் இருந்தது. பழைய சாமான் கடையில் ஒரு பெட்டி வாங்கினேன். எல்லாச் சேனலும் வரும் என்று கடைக்காரன் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தான். டிஷ்ஷிலிருந்து வந்த ஒயர் அதில் சேரவில்லை. டேப் சுற்றிச் சேர்த்துவிட்டேன். பெட்டி தேடியது, தேடியது, ஒன்றுமில்லை என்றது.

டி.வி.யைச் சந்தேகப்பட்டேன். ஒயரைச் சந்தேகப்பட்டேன். மேல்வீட்டுக்காரன் ஏதோ செய்துவிட்டான் என்று ஒருநாள் முழுக்க அவனை வேவு பார்த்தேன். கடைசியில் ஆறுமுகத்தைப் போனில் படத்தோடு பிடித்தேன். "பின்பக்கம் காட்டுங்க" என்றான். காட்டினேன். "ஒயர் சொருகுத எடத்துல திருகி மாட்டுத மரை இல்லையே அண்ணாச்சி. அது உள்ளூர் டவர்ல இருந்து வாரதப் பிடிக்குத ஆன்டெனாப் பெட்டி. அதுல டிஷ்ஷை மாட்டினா எந்தக் காலத்துலயும் வராது."

இவ்வளவு சீக்கிரம் ஒருவன் முடியாது என்று சொன்னால் அதில் உள்குத்து இருக்கும். மருமகனுக்கோ நான் டி.வி. முன்னால் உட்கார்ந்தால் ஆகாது. அவனுக்குப் பந்து விளையாட்டு பார்க்க வேண்டும். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "ஏலே, என் மருமகன் ஒனக்குப் போன் பண்ணி என்னலே சொன்னான்? அவங்கூடச் சேந்துக்கிட்டு என்னைய ஏமாத்துதியோ?" என்று கேட்டேன்.

"நாளைக்குக் காலைல கூப்பிடுதேன்" என்று வைத்துவிட்டான். அகப்பட்டுக்கொண்டான் என்று செல்லம்மாளிடம் சொன்னேன்.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டுத் தன் வீட்டு மாடியில் நின்று போனில் படத்தோடு கூப்பிட்டான். எங்கிருந்து தேடிப் பிடித்தானோ, என்னுடையதைப் போலவே மரையில்லாத ஒரு பெட்டி. நான் செய்ததையெல்லாம் அப்படியே செய்தான்; டேப்பைக்கூட விடவில்லை. நான் சொன்ன பொத்தானையெல்லாம் அழுத்தினான். வெயிலில் ஒரு மணி நேரம். எட்டு மணி நேரம் நான் நின்றதாகத்தான் இதுவரை சொல்லிவந்திருக்கிறேன். பெட்டி ஒன்றுமில்லை என்றது. "என்னைய நம்ப வேண்டாம் அண்ணாச்சி. பெட்டியைப் பாத்தீங்கல்லா?"

மரையுள்ள டிஷ் பெட்டி வாங்கினேன். டிஷ்ஷைத் திருப்பும் வேலையையும் அவன் அங்கிருந்தே சொன்னான். "இங்கன அது அண்ணாந்து பாக்கும். அங்கன கொஞ்சம் குனிஞ்சு பாக்கணும். பைய, பைய." மூன்றாம் நாள் கீழேயிருந்து செல்லம்மாள் கூப்பிட்டாள். ஓடிப் போனேன். யாரோ தமிழில் தென்னைக்கு உரம் வைப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, அவள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். எங்களுக்குத் தென்னை கிடையாது. ஊருக்குப் போகிற பேச்சு அன்றோடு நின்றது.

விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது டீக்கடையில் இந்தக் கதையைச் சொன்னேன். கேட்டவர்களில் பலர் இதைப் படிக்கிறீர்கள். பெட்டியின் தப்பைக் கண்டுபிடித்தது நான், டிஷ்ஷைத் திருப்பியது நான், மஸ்கட்டில் நாலு இன்ஜினியர்கள் வந்து என்னிடம் கேட்டுப் போனார்கள் என்று சொன்னேன். சொல்லி முடித்துத் திரும்பினால் பின் பெஞ்சில் ஆறுமுகம். "நெசமாலே?" என்று யாரோ அவனைக் கேட்டார்கள். அவன் டம்ளரை வைத்துவிட்டுத் தலையாட்டினான். "ஆமா, அண்ணாச்சிதான் கண்டுபிடிச்சாக."

கேலி செய்கிறானோ என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒன்றும் இல்லை. சந்தேகப்பட்டு ஒன்றும் கிடைக்காமல் போன ஒரே முகம் அதுதான்.

அந்தத் தலையாட்டலை நான் வைத்துக்கொள்கிறேன். இனிமேல் அந்தக் கதையை நான் சொல்லும்போது தலையாட்ட ஆள் இல்லை. ஆகவே உள்ளபடியே சொல்லவேண்டியிருக்கிறது.