மாலை போட்ட படத்துக்கு எதிரே

நடிப்புக்குத்தான் என்றாலும், உயிரோடு இருக்கிற ஒரு குழந்தையின் படத்துக்கு மாலை போட விடலாமா?

இரண்டு வாரமாக இந்தக் கேள்வியோடுதான் பாப்பாவுக்குத் தலை பின்னுகிறேன், டிபன் கட்டுகிறேன். படம் கேட்டிருப்பவர் என் சித்தப்பா. சென்னையில் எடுக்கும் ஒரு டிவி தொடரில், இறந்துபோன மகளாகச் சுவரில் மாட்ட ஒரு சிறுமியின் புகைப்படம் வேண்டுமாம்.

"பாப்பா எங்கியும் வர வேண்டாம் கண்ணு. நல்லாச் சிரிக்கற மாதிரி ஒரு போட்டோ அனுப்புனாப் போதும்" என்றார்.

அவருக்கு இதில் தவறாக எதுவும் தெரியவில்லை. தெரியாததற்குக் காரணம் உண்டு. அவரே அப்படிச் சுவரில் தொங்கித்தான் பெயர் வாங்கினார்.

நான் வளர்ந்தது வால்பாறையில். வருடத்தில் பாதி நாள் மழை, மீதி நாள் ஷூட்டிங். தேயிலைச் சரிவில் யாராவது பாடிக்கொண்டே ஓடுவார்கள்; நாங்கள் ரோட்டோரம் நின்று பார்ப்போம். பார்த்துப் பார்த்து எங்கள் ஊரிலிருந்து நாலு பேர் சினிமாவுக்கே கிளம்பிவிட்டார்கள். ஒருவர் எல்லாப் படத்திலும் கமிஷனருக்குப் பின்னால் நிற்கும் கான்ஸ்டபிள். எங்கள் டீச்சரின் மகள் பாட்டுகளில் மூன்றாவது வரிசை. கதாநாயகி குனிந்தால் தெரிவார். இன்னொருவர் மாடியிலிருந்து விழுபவர். அவர் எழுந்ததைத் திரையில் யாரும் பார்த்ததில்லை. இவர்கள் நடித்த படம் வந்தால் ஊரே பார்த்துவிட்டு, யார் கண்ணில் முதலில் பட்டார்கள் என்று ஒரு மாதம் சண்டை போடும். நாலாவது ஆள்தான் சித்தப்பா.

அவர் ஷூட்டிங்காரர்களுக்கு ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். பார்த்த உடனே மரியாதை வருகிற முகம். யாரோ ஒரு உதவி இயக்குநர் அதைக் கவனித்துச் சென்னைக்கு வரச் சொன்னார். சித்தி தடுக்கவில்லை. "ஆசப்பட்டுட்டாரு, போயிட்டு வரட்டும்" என்றார். சித்தி அம்மாவின் தங்கை. எங்கள் பக்கத்து வீடு. குழந்தை இல்லை. சித்தப்பா போன பிறகு நான் பாதி நேரம் அங்கேதான் இருந்தேன்.

நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது அவரிடமிருந்து போன் வந்தது. திங்கட்கிழமை சாயங்காலம் புதுத் தொடர் ஆரம்பிக்கிறது, முதல் காட்சியிலேயே வருகிறேன் என்றார். தெருவே சித்தி வீட்டில் கூடியது. எதிர் வீட்டு ஜவுளிக்கடை பாய் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். எனக்கு டிவிக்கு முன்னால் தரையில் முதல் இடம்.

கதாநாயகி கையில் கற்பூரத் தட்டோடு வந்து, "அப்பா, இன்னிக்கு எனக்கு வேலைல முதல் நாள்பா" என்று மேலே பார்த்தார். கேமராவும் மேலே பார்த்தது. அங்கே சித்தப்பா இருந்தார். சட்டத்தில் சந்தன மாலை, நெற்றியில் குங்குமம், கீழே சிவப்பு பல்பு. அவரால் முடிந்த அளவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்.

நான் ஒருத்திதான் கை தட்டினேன். மற்றவர்கள் சித்தியின் முகத்தைப் பார்க்காமலிருக்க மிகவும் பாடுபட்டார்கள். கடைசியில் பாய்தான் பேசினார்.

"பல்பு வெளிச்சத்துல அண்ணன் மொகம் நல்லாத் தெளிவா இருக்குதுங்க."

சித்தி எழுந்தார். "எல்லாரும் இருங்க, டீ குடிச்சுப்போட்டுப் போங்க" என்று சமையலறைக்குள் போனார். வெகுநேரம் டீ வரவில்லை.

அதே நேரத்தில் பல்லடத்தில் என் தாய்மாமாவும் அதைப் பார்த்திருக்கிறார். அவர் தறி ஓட்டுபவர். தறிக்குடோனில் ஒரு டிவி உண்டு. தறிச் சத்தத்தில் அது பேசுவது யாருக்கும் கேட்காது. உள்ளூர் கேபிளில் கண்ணீர் அஞ்சலி விளம்பரங்கள் ஓடிய காலம் அது. மாலை போட்ட தங்கை மாப்பிள்ளையின் முகம் திரையில் வந்தால் மாமா என்ன நினைப்பார்? உடனே போன் செய்திருக்கிறார். மழைக்கு எங்கள் ஊர் லைன் படுத்திருந்தது. லைன் கிடைக்காததையே அவர் உறுதியான தகவலாக எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் ஒரு வேன் மலையேறி வந்து நின்றது. மாமா ஆள் உயர ரோஜா மாலையோடு இறங்கினார். கூடவே அத்தை, தங்கைக்கு அண்ணன் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டிய கோடிச் சேலையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, இறங்கும்போதே ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார். முதல் அடி முடிவதற்குள் சித்தி வாசல் தெளித்த வாளியோடு எதிரே வந்தார். தலை நிறையப் பூ, நெற்றியில் பொட்டு.

"வாங்ண்ணா. வாங்க நங்கை. என்ன, சொல்லாமக் கொள்ளாம?" என்று அண்ணனையும் அண்ணியையும் வரவேற்றார்.

ஒப்பாரி நின்ற இடத்திலேயே நின்றது.

விஷயம் விளங்கியதும் மாமாவுக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. மாலையை வீட்டுக்குள் கொண்டுபோக முடியாது, சாமிக்கும் போட முடியாது. திண்டாடிப் போய் வேன் கண்ணாடியில் மாட்டினார்கள். இவ்வளவு பெரிய ரோஜா மாலையை நான் அருகில் பார்த்ததே இல்லை. "எனக்குப் போட்டு உடுங்க மாமா" என்று கேட்டேன். அதுவரை என் மேல் கை வைத்திராத அம்மா கன்னத்தில் ஓர் அறை விட்டார். சத்தம் கேட்டுப் பாய் வெளியே வந்துவிட்டார்.

மதியம் லைன் வந்தது. முதல் அழைப்பே சித்தப்பாதான். மாமா ரிசீவரைப் பிடுங்கினார்.

"மாப்ளே, நா உனக்கு மாலையோட வந்து நிக்கறன்."

"எனக்குங்களா மச்சான்? ஒரு போட்டோவுக்குப் போயி இத்தன தூரம் எதுக்குங்க?" என்று சித்தப்பா கூச்சப்பட்டது எங்கள் எல்லோருக்குமே கேட்டது.

மாமா ரிசீவரை மறு காதுக்கு மாற்றினார். பிறகு, இன்றைக்கே பஸ் ஏறு, ஜீப் ஓட்டினால் போதும், என் தங்கச்சியை உட்கார வைத்துக்கொண்டு நீ மாலை போட்டுத் தொங்க வேண்டாம் என்று கத்தினார். போட்டோவை மாற்ற முடியாது, கதையே அந்தப் போட்டோவைச் சுற்றித்தான் ஓடுகிறது என்று சித்தப்பா கெஞ்சினார். கடைசியில், "அவளையே கேளுங்க மச்சான். அவ வான்னா வந்தர்றன்" என்றார்.

எல்லோரும் சித்தியைப் பார்த்தார்கள். வரச்சொல்லிவிடுவார், சித்தப்பா டிவியில் வருவது அத்தோடு முடிந்தது என்று எனக்கு அழுகை முட்டியது. சித்தி ரிசீவரை வாங்கவில்லை. தலையிலிருந்த பூவைச் சரிசெய்துகொண்டு சொன்னார்:

"இருக்கட்டுமுங்ண்ணா. அவரு அங்க தொங்கட்டும். நா இங்க எதுக்க உக்காந்துக்கறேன்."

அப்படியே உட்கார்ந்தார். தினமும் தொடர் தொடங்குமுன் முகம் கழுவி, பொட்டு வைத்து, பூ வைத்து, கல்யாணத்துக்குப் போகிறவர் போலச் சேலை கட்டிக்கொண்டு டிவிக்கு நேர் எதிரே உட்காருவார். படம் திரையில் வரும்போதெல்லாம் தாலிச் சரடை வெளியே எடுத்துப் போடுவார். சிரிக்க மாட்டார், அழ மாட்டார், கண்ணை எடுக்கவும் மாட்டார். சித்தப்பா உள்ளேயிருந்து பார்ப்பார் என்றுதான் சித்தி இவ்வளவு அலங்காரம் செய்துகொள்கிறார் என்று நான் நினைத்தேன். அதனால் நானும் பவுடர் பூசிப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன்.

தொடர் வருடக்கணக்கில் ஓடியது. பிறகு வேறு சுவர்கள் கிடைத்தன. இன்றைக்கு அந்த மாதிரிப் படங்களுக்கு ஆள் பிடித்துத் தருபவரே சித்தப்பாதான். சர்க்கரைகூட இல்லாமல் நன்றாக இருக்கிறார். "தெனமும் மாலை வாங்கறவனுக்கு ஆயுசு கெட்டி" என்பார். பக்கத்தில் சித்தி காய் நறுக்கிக்கொண்டிருப்பார்.

எனக்குப் பெண் பிறந்து, அவளுக்கு முதல்முறை காய்ச்சல் வந்த அன்றுதான் சித்தி அந்தச் சாயங்காலங்களில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது புரிந்தது. அது அலங்காரமே இல்லை. அந்த மாலையோடு அவர் தினமும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். தினமும் ஜெயித்தும் இருக்கிறார். அம்மா ஏன் அறைந்தார் என்பதும் அன்றுதான் புரிந்தது. அம்மாவிடம் கேட்டால், "நா அறைஞ்சனா? உன்னையா?" என்கிறார்.

கணவர், "உங்க சித்தப்பா, நீயே முடிவு பண்ணு" என்று சொல்லிவிட்டார். மூடநம்பிக்கை என்று எனக்கே நான் பாடம் எடுக்கிறேன். பெரியவர் பேச்சை எப்படித் தட்டுவது என்றும் இருக்கிறது. பள்ளி ஆண்டு விழாவில் மஞ்சள் கவுனில் பாப்பா சிரிக்கும் படத்தைத் தேர்ந்தெடுத்தேன். அனுப்பப் போய் நிறுத்தினேன்.

சித்தியையும் கேட்டேன். "எங்கிட்டப் பொட்டு இருந்துச்சு, பூ இருந்துச்சு. நீ எத வெச்சுக்கிட்டு எதுக்க உக்காருவே அம்மணி?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா மறுபடி போன் செய்வார். அதற்குள், பிள்ளை பெற்ற உங்களில் யாருக்காவது தெரிந்தால் எனக்கு எழுதுங்கள்.