போதகர் காட்டாத படம்

இருபத்திரண்டு வருடமாக ஊரார் மலத்தை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுதான் அவள் வேலை. நாற்றம் பழகிவிட்டது. பழகாதது தங்கை கணவரான போதகரின் பிரசங்கம். மலையையும் அந்திவானத்தையும் திரையில் போட்டு, "வேதம் படிக்காதவனுக்கும் இதெல்லாம் கடவுளைக் காட்டும். நல்லது கெட்டதை அவன் மனசுலயே எழுதி வெச்சிருக்கார்" என்பார். வேதத்தைத் தொட்டே பார்க்காத அவளுக்குக் குமட்டும். அந்தப் படங்களில் ஒரு புழுகூட இருந்ததில்லை.

திங்கட்கிழமை அவரே ஒரு மல மாதிரி டப்பாவோடு லேபுக்கு வந்தார். அவர் நடத்தும் பிள்ளைகள் விடுதியின் சமையல்காரர் வயிற்றில் புழு, கிருமி எதுவும் இல்லை என்று சான்றிதழ் வேண்டுமாம்.

"இதையெல்லாம் பார்த்துக்கிட்டு இருக்காதீங்கக்கா. ஒண்ணும் இல்லைன்னு எழுதிடுங்க. நாளைக்கு விடுதியைச் சோதிக்க அதிகாரி வர்றாரு."

பக்கத்து மேசைக்காரர் டப்பாவைத் திறக்காமலே தினமும் அப்படி எழுதித் தள்ளுகிறவர். அவள் திறந்தாள். துளி எடுத்துக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் வைத்து, போதகரைக் குனிந்து பார்க்கச் சொன்னாள். நாடாப்புழு முட்டைகள், உருண்டையாக, கதிர் கதிராகக் கோடு போட்ட ஓடுகளோடு, அச்சில் வார்த்ததுபோல ஒரே அளவில்.

போதகர் கைக்குட்டையால் வாயைப் பொத்தினார்.

"நல்லாப் பாருங்க மாப்பிள்ளை. இதுவும் கடவுள் கைவேலைதான்."

"சரிக்கா, இருக்கட்டும். நீங்க இல்லைன்னு எழுதினா யாருக்குத் தெரியப்போகுது?"

அவள் கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டாள்.

"வேதம் படிக்காத என் மனசுல எழுதினது அப்படியே இருக்கு. படிச்ச உங்க மனசுல இருந்ததை யாரு அழிச்சா?"